நூற்று அறுபத்தெட்டு எண்கள்

ஜெயமலர் அந்தக் கடிதத்தை லிஃப்டுக்குள் வைத்தே பிரித்தாள். ஐரோப்பாவிலிருந்து வெளிவரும் நிலத்தடிநீர் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் எழுதியிருந்தார். நடுவர்கள் இருவருக்கும் அவளுடைய கட்டுரை பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு குறை. 1994 நவம்பர் தொடக்கம் 1995 பெப்ரவரி வரையான நான்கு மாத அளவீடுகளைக் காணவில்லை. அந்த மழைக்காலத்தின் எண்களைச் சேர்த்து அனுப்பினால் வெளியிடலாம். பன்னிரண்டாம் மாடியில் கதவு திறந்து, மூடி, லிஃப்ட் மறுபடி கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது.

அது 1996 ஆனி மாதம். கனடாவில், டோர்செட் பார்க்கில் அவர்கள் குடியேறி இரண்டு வருடமாகிவிட்டது. கணவன் கிருபன் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவள் ஷாம்பூ போத்தல் நிரப்பும் இடத்தில் மூடி திருகினாள். எத்தனை தரம் குளித்தாலும் தலைமாட்டுத் தலையணையிலிருந்து அப்பிள் வாசனை போகவில்லை. ஆய்வுகூட வேலைக்கு எழுதிய விண்ணப்பங்களுக்கெல்லாம் கனேடிய அனுபவம் இல்லை என்ற ஒரே பதில்தான். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் மட்டும் இருத்திவைத்துப் பேசினார். நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் முதுநிலைப் படிப்புக்கு யோசிக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் கட்டுரையை எழுதி முடித்தாள்.

யாழ்ப்பாணத்தில் அவள் இரசாயனவியல் உதவி விரிவுரையாளராக இருந்தவள். தோட்டத்துக்குப் போடும் பசளையும் மலக்குழிக் கசிவும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. அளவுக்கு மிஞ்சினால், அந்த நீரில் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க மறுக்கும். உதடு நீலம் பாரிக்கும். எந்தக் கிணறு குடிக்கத் தக்கது, எது ஆகாது என்று கண்டுபிடிக்க 1990 இல் வலிகாமத்தில் நாற்பத்திரண்டு கிணறுகளைத் தெரிந்தெடுத்தார்கள். மாதம் ஒருமுறை சைக்கிளில் போய்ப் போத்தல்களில் நீர் எடுத்து வந்தவர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் செல்வரட்ணம். மின்சாரம் நின்றுபோன ஊரில் கார் பற்றறியில் கருவியை ஓட்டி அளந்தவரும் அவர்தான்.

அவள் கனடாவுக்கு வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அளந்த எண்களைக் கடிதங்களில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கடிதம் மட்டும் வந்து சேரவில்லை. அந்த நான்கு மாதமும் அதற்குள் இருந்தது. அளவீட்டுக் கொப்பியிலிருந்து மறுபடி எழுதி அனுப்புகிறேன் என்றிருந்தார். அதற்குள் 1995 ஐப்பசியில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தது. மறு மாசியில் கிளிநொச்சியில் மலேரியாக் காய்ச்சலில் செல்வரட்ணம் செத்துப்போனார். அவருடைய மனைவி குணவதி எழுதியிருந்தாள்: "கொப்பியளைக் கொண்டுவர ஏலேல்லைத் தங்கச்சி. பிள்ளையைத் தூக்கிறதோ கொப்பியைத் தூக்கிறதோ எண்டு வந்திட்டுது."

கிருபன் ஆசிரியரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"எத்தினை எண் வேணும்?"

"நாப்பத்திரண்டு கிணறு, நாலு மாதம். நூற்று அறுபத்தெட்டு."

"அதுக்கு முதல் வருச மாரிக்கு எண் இருக்கெல்லே? அதைப் பாத்துக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போடுமன்."

"என்ன கதைக்கிறியள்? அது பொய்யெல்லே."

"மனுசன் அளந்தவர்தானே. கடதாசி துலைஞ்சா அளந்தது இல்லையெண்டு ஆயிடுமோ? உதை ஆர் போய்ப் பாக்கப்போறான்? கிணத்தடிக்கு இப்ப ஒருத்தரும் போகவே ஏலாது."

அவள் அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை. இரண்டு கிழமை மூடி திருகினாள். மூன்றாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிருபன் பக்கத்துப் பகுதியான வெக்ஸ்போர்ட்டில் சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்த நேரம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் பத்து எண்களுக்குக் கை கூசியது. பிறகு கூசவில்லை. செல்வரட்ணத்தின் எண்கள் எப்படி ஏறி இறங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். மழை பெய்தால் எந்தக் கிணறு தெளியும், எது கலங்கும் என்று நினைத்து நினைத்துப் போட்டாள். நான்கு மணிக்கு முடிந்துவிட்டது. உண்மையான எண்களும் தன்னுடைய எண்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்க, வித்தியாசம் தெரியவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் பெருமைகூட வந்தது.

கட்டுரை 1997 சித்திரையில் வெளிவந்தது. முதற்பெயர் அவளுடையது, இரண்டாவது செல்வரட்ணத்தினது. பேராசிரியர் தொலைபேசியில் வாழ்த்தினார். வரும் ஜனவரியில் தொடங்கலாம் என்றார்.

புரட்டாதியில் யாழ்ப்பாணத்திலிருந்து, கொழும்பு வழியாக, ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் அன்ரனெற், ஒரு தொண்டு நிறுவனத்தின் நீர்ப் பொறியாளர். இடம்பெயர்ந்த சனம் வலிகாமத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது, எந்தக் கிணறுகளைக் குடிநீருக்குத் திறப்பது என்பதற்கு இந்தக் கட்டுரையைத் தவிர வேறு ஆதாரமே இல்லை என்று எழுதியிருந்தாள். கடைசி இரண்டு மாரியிலும் அளவு குறைவாக இருந்த கிணறுகளை மட்டும் திறப்பதாக முடிவாம். உங்கள் கணக்குப்படி பதினொரு கிணறுகள் தேறுகின்றன, மிக்க நன்றி அக்கா, கிணறு கிணறாக அட்டவணையை அனுப்பி உதவுங்கள் என்று முடித்திருந்தாள்.

இரண்டு மாரி. ஒன்று செல்வரட்ணம் அளந்தது. மற்றது அவள் மேசையில் இருந்து எழுதியது.

"பேசாமல் விடும்," என்றான் கிருபன். "ஒருவேளை உம்மடை எண் சரியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பதினொரு கிணத்தையும் நான்தான் துப்புரவாக்கினனான், இஞ்சை இருந்துகொண்டு."

"இப்ப சொன்னா உம்மடை படிப்புப் போச்சு. தெரியுமெல்லே?"

"ஓம்."

"சொல்லித்தான் ஆகவேணுமோ?"

"குழந்தையள் குடிக்கிற தண்ணியப்பா."

பிழை தன்னுடையதும்தான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவேயில்லை.

மறுநாளே அந்தத் தொண்டு நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைநகல் அனுப்பினாள். ஆய்விதழுக்கும் பேராசிரியருக்கும் எழுதினாள். நான்கு மாதம் மட்டுமே பொய், மற்ற நாலரை வருடமும் உண்மை, செல்வரட்ணத்துக்கு இதில் பங்கே இல்லை, அவர் இறந்த பிறகு நான் செய்த காரியம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாள்.

பேராசிரியரின் பதில் மூன்று வரி, இனி இடமில்லை என்று. ஆய்விதழ் ஆசிரியரின் பதில் நீளமாக, மரியாதையாக இருந்தது. நேர்மைக்கு நன்றி. ஆனால் எது அளந்தது, எது எழுதியது என்று நிறுவ மூலக் கொப்பிகள் இல்லாதபடியால் கட்டுரை முழுவதையும் விலக்கிக்கொள்கிறோம். கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதால் அறிவித்தலில் இரண்டு பெயரும் வரும். செல்வரட்ணத்தின் பெயரையாவது விட்டுவிடும்படி அவள் இன்னொரு கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை. அறிவித்தல் 1998 தையில் வந்தது, இரண்டு பெயரோடும்.

அன்ரனெற்றின் கடைசிக் கடிதம் பங்குனியில் கிடைத்தது.

"அக்கா, நீங்கள் சொன்னதற்காக உங்களில் எனக்குக் கோபமில்லை. பதினொரு கிணறு பற்றி மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். நஞ்சு என்று உண்மையாக அளந்த நான்கு மாரியிலும் நீங்கள் கண்டுபிடித்த பதினான்கு கிணறுகளைப் பூட்டிவைக்கச் சொல்லித்தான் இவ்வளவு நாளும் கூட்டங்களில் வாதாடினேன். விலக்கின கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வாறியளோ என்று அதிகாரிகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கிற சனத்துக்கு என்னாலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. நாற்பத்திரண்டையும் திறந்துவிட்டார்கள். எங்களிடம் அளக்கக் கருவி இல்லை. கேட்டிருக்கிறோம். எப்போது வரும் என்று தெரியாது."

அந்தப் பதினான்கும் எவை என்று ஜெயமலருக்குக் கடிதங்களைப் பார்க்காமலே தெரியும். ஒன்று பள்ளிக்கூடத்துக் கிணறு. இன்னொன்று பிள்ளைப்பேற்று விடுதிக்கு அடுத்த வளவில் இருந்தது. செல்வரட்ணம் அங்கே ஒவ்வொரு மாதமும் இரண்டு போத்தல் எடுப்பார், ஒன்று பிழைத்தால் மற்றதில் பார்க்கலாம் என்று. அவள் தன்னிடம் இருந்த அவருடைய கடிதங்கள் முழுவதையும் படியெடுத்து அன்ரனெற்றுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. திரும்பவும் அனுப்பினாள்.

சித்திரை கடைசியில் குணவதி எழுதியிருந்தாள். அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம். வீட்டுக் கூரை இல்லை, தகரம் போட்டிருக்கிறதாம். "இவர்ரை பேரோடை வெளிநாட்டுப் புத்தகத்திலை ஏதோ வந்ததெண்டு கேள்விப்பட்டன். ஒரு கொப்பி அனுப்புவியோ தங்கச்சி? நிலாணிக்கு அப்பாவின்ரை முகம் நினைவில்லை. பேரையாவது காட்ட வேணும். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிட்டாள்."

எந்தப் பள்ளிக்கூடம் என்று குணவதி எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது.

ஜெயமலர் ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ்ஸும் சப்வேயும் பிடித்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள். கட்டுரை வந்த தொகுதி தட்டில் அப்படியே இருந்தது. விலக்கிய அறிவித்தல் வேறொரு இதழில், மூன்று அங்குலம் தள்ளி. எட்டுப் பக்கத்தையும் பிரதி எடுத்தாள். அறிவித்தலை எடுக்கவில்லை. அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பிள்ளைக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுத்துவிடச் சொல்லத் தொடங்கி, கொதித்தால் நைத்திரேற்று போகாது, இன்னும் கூடும் என்பது நினைவு வர அதை வெட்டினாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் குடிக்க விடாதேயுங்கோ அக்கா, அது கூடாத தண்ணி, அண்ணை அளந்து பார்த்தவர் என்று எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் கிருபன் கடித உறையைப் பார்த்தான்.

"நடந்ததை எழுதினனீரோ?"

"இல்லை."

"எழுதாமல் விட்டது நல்லது."

"நல்லதில்லை," என்றாள் ஜெயமலர். "எழுத என்னாலை முடியேல்லை."

தபாற்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்து, அடுத்தநாள் ஆறு மணி வேலைக்கு உடுப்பை எடுத்துவைத்தாள். குணவதியிடமிருந்து பதில் வர இரண்டு மாதமாவது செல்லும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்குள் எத்தனை நாள் அந்தக் கிணற்றடிக்குப் போவார்கள் என்று அவள் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். சனி ஞாயிறைக் கழித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.