இரண்டரை நட்சத்திரம்

"மனிதர்களில் இரண்டே இனம்தான். எழுதுகிற இனம், இழுக்கிற இனம்."

2009 மார்ச்சில், தேனிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியின் கேன்டீனில், கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்று இதைச் சொன்னான் சுருளி. வடையையே கீழே வைத்துவிட்டான் என்பதால் விஷயம் பெரியது என்று எல்லோருக்கும் புரிந்தது.

இழுக்கிற இனம் என்றால் பவர்பாயிண்ட்டைத் திறந்து, மவுஸால் எழுத்தைப் பிடித்து அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்கிறவர்கள். எதிரே உட்கார்ந்திருந்த தேவயானி அந்த இனம். அவள் செய்யும் ஸ்லைடில் தலைப்பு இடப்பக்கத்திலிருந்து பறந்து வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம்தான் உட்காரும்.

"எழுத்து என்ன காக்காயா, பறந்து வர்றதுக்கு?" என்றான் சுருளி.

"பறந்து வந்து எனக்கு இருபத்தஞ்சுக்கு இருபத்தி நாலு மார்க் கொண்டாந்துருச்சு. ஒனக்கு எம்புட்டு?"

"மார்க்குக்கு வேலை செய்றவன் நான் இல்ல."

மார்க்குக்கு வேலை செய்கிறவன் நான். என் பெயர் சங்கிலி. சுருளியின் ப்ராஜெக்ட்டில் கூட்டாளியும் நானே. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று எனக்கு வேலைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஒரு பேப்பர் நின்றாலும் ஆர்டர் செல்லாது என்று அதிலேயே கறுப்பு மையில் அடித்தும் இருந்தது. வெள்ளிக்கிழமை வைவா. அதற்குள் எங்கள் ஹெச்.ஓ.டி. காமராஜ் சார் ஸ்லைடுகளைப் பார்த்து ரெக்கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வைவா இல்லை. வைவா இல்லையென்றால் கோயம்புத்தூர் இல்லை.

ப்ராஜெக்ட், கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு என்றைக்கு எந்த மருந்து அடிப்பது என்று சொல்லும் ப்ரோகிராம். அது ஒழுங்காகவே ஓடியது. அதில் ஒரு தகராறும் இல்லை.

தகராறு ஸ்லைடில். சுருளி எல்லாவற்றையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில், எடிட்டர் என்கிற ஒரு சாஃப்ட்வேரில் எழுதுவான். கலர் கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்து. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் புது ஸ்லைடு. இரண்டு போட்டால் பெரிய எழுத்து. மூன்று போட்டால் அதற்குக் கீழே, உள்தள்ளி, சின்ன எழுத்து. போலீஸில் நட்சத்திரம் கூடினால் பதவி கூடும், சுருளியிடம் குறையும். கடைசியில் இரண்டு பட்டனைத் தட்டினால் எடிட்டர் அத்தனையையும் ஹெச்.டி.எம்.எல். வெப் பக்கமாக ஆக்கிவிடும். பிரவுசரில் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட ஸ்லைடு மாறும். மவுஸுக்கு வேலையே இல்லை.

புதன்கிழமை காமராஜ் சார் முன்னால் ஓட்டிக் காட்டினோம். திராட்சை வந்தது, மருந்து வந்தது, சார் தலையாட்டினார். கடைசியாக நன்றி ஸ்லைடு வந்தது.

"ஏம்ப்பா, இங்கன கீழ, சின்ன எழுத்துல கெடக்கிறது யாரு?"

"நீங்கதான் சார்," என்றான் சுருளி. "பிரின்ஸிபாலுக்குக் கீழ நீங்க. உங்களுக்குக் கீழ எங்க கைடு கிருபாவதி மேடம். லாஜிக் அதான சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க மச்சினன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில எம் பேரைச் சின்ன எழுத்துல போட்டாக. சின்னமனூர் வரைக்கும் போயி, மண்டப வாசல்ல நின்னு, கை நனைக்காமத் திரும்பி வந்தவன் நான். தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டோம்.

"பெருசாப் போட்டுறலாம் சார். பிரின்ஸிபால் சைஸுக்கே."

"அடேய், அவரு பாத்தா என்னைய என்ன நினைப்பாரு? அவரை விட அரை நூல் கம்மியா இருக்கணும். பாத்தா தெரியக் கூடாது, அளந்தா தெரியணும். மேடம் என்னைய விட ரெண்டு வருசம் சீனியர். அவங்களை எனக்குக் கீழ போடாத."

"மேல போடவா சார்?"

"நான் ஹெச்.ஓ.டி.டா."

"பக்கத்துல?"

"கொஞ்சம் தள்ளி."

வெளியே வந்ததும் சுருளி சுவரில் சாய்ந்து நின்றான். "இரண்டு நட்சத்திரம் பிரின்ஸிபால், மூணு நட்சத்திரம் சார். இவரு கேக்குறது இரண்டரை. அப்படி ஒண்ணு உலகத்துல இல்ல மாப்ள."

"விடுறா. தேவயானிட்ட கேட்டு ரெண்டு நிமிசத்துல..."

"இல்லேன்னா நான் உண்டாக்குவேன்."

அன்று சாயந்திரம் முழுக்க எடிட்டரின் உள்கட்டமைப்பில் இறங்கி வேலை செய்தான். அவன் எழுதிய ப்ரோகிராமின் கடைசி வரியில் பதினோரு அடைப்புக்குறிகள் வரிசையாக மூடின. அரை நட்சத்திரத்துக்கு அடையாளமாகக் கூட்டல் குறியை வைத்தான். பெயருக்கு முன்னால் ஒன்று. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பின்னால் ஒன்று.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோமே," என்றேன்.

"ஓட்டிப் பாக்கிறது இழுக்கிற இனம்."

வியாழன் காலை பதினோரு மணிக்கு நன்றி ஸ்லைடு மறுபடியும் சுவரில் விழுந்தது. மேலே பிரின்ஸிபால். கீழே, கனகச்சிதமாக அரை நூல் சிறியதாக, முனைவர் மு. காமராஜ். மேடம் கொஞ்சம் தள்ளி. எல்லாம் அவர் கேட்டபடியே. அவர் பெயருக்கு நடுவே மட்டும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், ஒரு நேர்கோடு.

இரண்டு கூட்டல் குறிக்கு நடுவில் எது இருந்தாலும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடு என்பது அந்த எடிட்டர் பிறந்த நாளிலிருந்து இருக்கும் விதியாம். பிற்பாடு படித்தோம்.

சார் எழுந்து சுவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றார் சார்.



"அட்டெண்டன்ஸ்ல எத்தனையோ பேரு பேரை நான் அடிச்சிருக்கேன். எம் பேரை இதுவரைக்கும் எவனும் அடிச்சதில்ல." ரெக்கார்டை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். "நாலு மணிக்கு எனக்குப் பெரியகுளம் பஸ். அதுக்குள்ள நான் உசுரோட இருக்கிற மாதிரி ஒண்ணு கொண்டாங்க."

லேபில் சுருளி எடிட்டரைத் திட்டினான். நான் சுருளியைத் திட்டினேன்.

"உங்க சண்டைய அங்கிட்டு வச்சுக்கங்க," என்று வந்தாள் தேவயானி. "என் ஃபைல் இந்தா இருக்கு. பேரை மாத்து, இழு, முடிஞ்சது."

"செத்தாலும் மவுஸைத் தொட மாட்டேன்," என்றான் சுருளி.

"நீ தொட வேணாம்டா. நான் தொடுறேன். நான் கோயம்புத்தூர் போகணும்," என்றேன்.

அவன் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டான். நான் இழுத்தேன். பிரின்ஸிபாலை மேலே இழுத்தேன். சாரைக் கொஞ்சம் குறுக்கி, ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தேன். மேடத்தைப் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் தள்ளினேன். இருபது நிமிடம். ஜன்னல் பக்கமிருந்து அவ்வப்போது ஒரு பெருமூச்சு வந்தது, இழவு வீட்டுக்கு வந்தவன் விடுகிற மாதிரி.

மூன்றே முக்காலுக்கு காமராஜ் சார் பெயர் இடப்பக்கத்திலிருந்து பறந்து வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிரின்ஸிபாலுக்கு அரை நூல் கம்மியாகப் போய் உட்கார்ந்தது.

சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவ போடு," என்றார்.

மூன்று தடவை போட்டோம். திராட்சையை அவர் பார்க்கவே இல்லை. பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வராந்தாவில் தேவயானியிடம் கோயம்புத்தூரிலிருந்து நெய் மைசூர்பாகு வாங்கி வருவதாகச் சத்தியம் செய்துகொடுத்தேன். அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவை லேபிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பிப் போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சுருளி மட்டும், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேவயானி கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தான். வலது கை மவுஸில் இருந்தது. திரையின் இடது ஓரத்திலிருந்து 'சுருளி' என்று சிவப்பில் ஒரு பெயர் பறந்து வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் உட்கார்ந்தது.

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு எழுத்தைப் பிடித்து, சத்தமில்லாமல், ஒரு நூல் மேலே இழுத்தான்.