இரண்டு i

உப்புவெளிச் சோதனைச் சாவடியில் யுத்தகாலச் சட்டங்கள் இரண்டு. பற்றரி போட்ட எந்தச் சாமானையும் பற்றரியைக் கழற்றிக் காட்டவேண்டும். காலையில் பட்டணத்துக்குக் கொண்டுபோவதாகப் புத்தகத்தில் பதிந்ததெல்லாம் மாலையில் திரும்பி வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் மீதி இராணுவத்துக்கு.

குலசிங்கத்துக்கு இது தெரியாததல்ல. ஆனால் அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய, வரைபு கீறும் கல்குலேற்றரைக் கையில் வைத்துக்கொண்டு அடக்கமாயிருக்க அவனால் ஏலவில்லை. மறுநாள் தொழில்நுட்பக் கல்லூரியில் சிக்கலெண் சோதினை. அதை நம்பித்தான் அவன் ஒன்றுமே படிக்கவில்லை.

காலையில் அவன் நாலு பற்றரியையும் கழற்றித் திரும்பப் பூட்டியபின் கோப்ரல் சொன்னார்: "மல்லி, தம்பி, கணக்குப் போட்டுக் காட்டு."

குலசிங்கம் வர்க்கமூலம் அடித்து, கழித்தல் குறி போட்டுச் சய நாலு அடித்தான். திரையில் 2i விழுந்தது.

"இந்த i என்ன சாமான்?"

"கற்பனை எண், சேர். உண்மையில இல்லாதது."

"இல்லாததை எப்பிடிக் கொண்டுபோறது?"

கோப்ரல் பேனையை எடுத்தார். புத்தகத்தில் எழுதினார்: கல்குலேற்றர் ஒன்று, i இரண்டு.

"ரெண்டும் ரெண்டும் நாலெண்டு அடிச்சிருந்தா உனக்கு வாய் கோணிப் போகுமோடா?" என்றான் பின்னால் நின்ற வகுப்புத் தோழன் ஹெக்டர்.

மாலையில் அதே கோப்ரல், அதே புத்தகம். இம்முறை உள்ளே ஒளிந்திருந்த பொத்தான் பற்றரியும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. "அதையும் கழற்று."

கழற்றினான். பூட்டினான். சய நாலுக்கு வர்க்கமூலம் அடித்தான். வந்தது பிழைச் செய்தி.

"i ரெண்டும் எங்க?"

கல்குலேற்றர் இங்கே தங்கினால் நாளைக்குப் பூச்சியந்தான்.

"டேய், பற்றரி எல்லாம் கழன்றதில ஞாபகம் அழிஞ்சுபோச்சு," என்று ஹெக்டர் காதுக்குள் சொன்னான். "MODE-க்குப் போ. மெய்யெண்ணில நிக்குது. சிக்கலெண்ணுக்கு, a+bi-க்கு மாத்து."

மாற்றினான். பதற்றத்தில் விரல் நாலை விட்டு ஒன்பதில் விழுந்தது. 3i.

கோப்ரல் புத்தகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ரெண்டுதானே போனது? மற்றது எங்க எடுத்தது?"

"அது... தவறி வந்திட்டுது, சேர்."

"ஒண்டை இங்க வை."

குலசிங்கம் கழித்தலை அழுத்தி, i-ஐ அழுத்தினான். 2i.

கோப்ரல் சரி அடையாளம் போட்டு, கீழே புதிதாக ஒரு வரி எழுதினார்: i ஒன்று, பறிமுதல்.

"கையெழுத்து வை," என்றார்.

வைத்தான்.