கெட்டிலுக்கு இடமில்லாத படகு

அண்ணன் பையைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது துண்டு அல்ல, மாற்றுச் சட்டை அல்ல, ஒரு கரண்ட் கெட்டில். மணிக்கொரு தரம் வெந்நீர் தொண்டையில் இறங்காவிட்டால் அவருக்குக் குரலே வராதாம். அதைப் பார்த்ததும் தங்கை ஓடி வந்தாள்.

"அண்ணா, காஸ் அடுப்பு இருக்கு. எத்தனை தடவை கேட்டாலும் நானே வெந்நீர் வச்சுத் தரேன். இதை மட்டும் சொருகிடாத. இன்வெர்ட்டர் படுத்துடும்."

"சரிடி வாத்து, கத்தாத" என்றார். படகில் குடியேறிய நாளிலிருந்து அவளுக்கு அவர் வைத்த பெயர் அது.

அவள் புருஷன் விட்டுப்போனது இந்தப் படகு ஒன்றுதான். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் பாட்டரி, அதை வீட்டுக் கரண்டாக மாற்ற ஒரு இன்வெர்ட்டர், அந்தக் கரண்டில்தான் விளக்கு, ஃபிரிட்ஜ், லேப்டாப், நெட் பெட்டி எல்லாம். அவர் காலமானபின் கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். படகை விற்றுவிட்டு வீட்டுக்கு வா என்று அண்ணன் அன்றிலிருந்து நச்சரிக்கிறார். கடைசியில் ஒரு பேச்சு ஆயிற்று. இன்றைக்கு அவளுக்கு வேலையில் சோதனை நாள். தேறினால் அண்ணன் இனி வாயைத் திறக்கக் கூடாது, தேறாவிட்டால் அவள் மூட்டையைக் கட்ட வேண்டும்.

வேலை இதுதான்: டாக்டர் பேசுவது நோயாளிக்குப் புரியாது, நோயாளி பேசுவது டாக்டருக்குப் புரியாது, இவள் வீடியோவில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டும். லைன் அறுந்தால் மூன்று நிமிஷத்துக்குள் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. காலையிலேயே ஃபிரிட்ஜை அணைத்துவிட்டாள். லேப்டாப்பை நேராகப் பாட்டரியிலிருந்தே சார்ஜ் ஏறும்படி வைத்தாள். நெட் பெட்டியை மட்டும் பழையபடி இன்வெர்ட்டரிலேயே விட்டுவிட்டாள், புத்தி கெட்டவள்!

மத்தியானம் ஒரு அம்மா ஆபரேஷனுக்குப் பயந்துபோய், "வலிக்குமா?" என்று கேட்டாள். இவள் அதை டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தாள். இன்வெர்ட்டர் வீலென்று கத்தியது. விளக்கு அணைந்தது. திரையில் அந்த அம்மாவின் முகம் அப்படியே உறைந்து நின்றது.

திரும்பிப் பார்த்தாள். சமையல் மேடையில் கெட்டில், பக்கத்தில் அண்ணன்.

திட்டக்கூட நேரமில்லை. இன்வெர்ட்டர் சூடு ஆறாமல் எழுந்திருக்காது. நெட் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள், பன்னிரண்டு வோல்ட். அட, பாட்டரியும் பன்னிரண்டுதானே! கத்தரிக்கோலால் அடாப்டர் வயரை நறுக்கினாள், பல்லால் தோலை உரித்தாள், கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்து, கோடு போட்ட வயரைப் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் முறுக்கினாள். நெட் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக, ஆற அமர, எரிந்தன. எரிந்து தொலையேன், சனியனே!

திரையில் அந்த அம்மாவின் முகம் அசைந்தது. லைன் வந்துவிட்டது, மூன்று நிமிஷம் ஆகவில்லை. "மன்னிக்கணும் டாக்டர். வலிக்குமான்னு கேக்கறாங்க" என்றாள், மூச்சு வாங்க.

அந்த அழைப்பு முடிந்ததும் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"மறந்து போட்டியா, வேணும்னே போட்டியா?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். "நீ இங்க தனியாக் கிடக்கறது மனசு கேக்கலம்மா. இந்த வேலை நின்னுபோனா நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு..."

பாசமாம்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் வீட்ல ஃபேன் போடலாமா, ஃபோனை சார்ஜ்ல வைக்கலாமான்னு உன் மூஞ்சியையும் அண்ணி மூஞ்சியையும் பாத்துப் பாத்துதான் சுவிட்சைத் தொட்டேன். இங்க பாட்டரி ஒண்ணைப் பாத்தாப் போதும். சார்ஜ் இருந்தா இருக்குன்னு சொல்லும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லும். இருக்கறதை வச்சுக்கிட்டு மூஞ்சியைச் சுளிக்காது."

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. கெட்டிலைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பறேனே?"

லேப்டாப் மணி அடித்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்பவே கிளம்புண்ணா" என்றாள். "அடுத்த ஆள் லைன்ல இருக்காங்க."