சர்வரின் ஜாதகம்

தாம்பரம் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வர் மட்டும் கண்காணிப்பு மென்பொருளின் திரையில் சிவப்பாக இருந்தது. அதில் ஓடுவது காலாவதியான லினக்ஸ் பதிப்பு என்றது திரை. போன வாரம்தான் ஜெயப்ரியா அதில் புதிய பதிப்பை ஏற்றியிருந்தாள்.

"சிவப்பு போனாதான் நாளைக்கு லீவு," என்றார் மேனேஜர் மோகன்ராஜ். நாளை வண்டலூரில் அவளுக்கு நிச்சயதார்த்தம்.

"மாப்பிள்ளைய இங்கயே வரச்சொல்லு. கேன்டீன்ல கேசரி கீது," என்றான் பக்கத்து இருக்கை குணா.

அவள் தன் கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைந்தாள். ஓடியது புதிய பதிப்புதான். ஆனால் கண்காணிப்பு மென்பொருள் அதைப் பார்க்கவில்லை. பதிப்பின் பெயர் எழுதியிருக்கும் ஒரு சின்னக் கோப்பைப் படித்து, அப்படியே நம்பிவிட்டது. அந்தக் கோப்பில் யாரோ பழைய பதிப்பின் பெயரை எழுதியிருந்தார்கள்.

"இதுல யாரு கை வெச்சது?"

"நான்தான்," என்றான் குணா. "அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேரும் இதுலதானே ஓடுது. புது வெர்ஷன்ல ஓட மாட்டேன்னுச்சு. பழைய வெர்ஷன் பேர எழுதி வயச மாத்தினேன், ஓடிச்சு. ஜாதகத்துல பண்றதில்லையா?"

"உன் ஜாதகத்துல பண்ணியும் ஒரு வரனும் ஓடி வரலையே."

அவள் சரியான பெயரை எழுதிச் சேமித்தாள். சிறிது நேரத்தில் திரை பச்சையானது. மோகன்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு லீவு கொடுத்தார்.

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் வாசலில் விரல் வைத்தார்கள். அட்டெண்டன்ஸ் இயந்திரம் ஒருவரையும் ஏற்கவில்லை.

"பேஜாராப் போச்சு. இப்ப இன்னா பண்றது?" என்றான் குணா.

"சார் சிவப்பு போகணும்னுதான் சொன்னாரு." ஜெயப்ரியா பையை எடுத்துக்கொண்டாள். "அட்டெண்டன்ஸ நீ பாத்துக்கோ. எனக்கு நாளைக்கு லீவு."