அற்புதமணி இல்லாத கச்சேரி

கஞ்சிக் கரண்டி உதட்டைத் தொட்ட நேரத்தில் அற்புதமணி தலையைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி தாடையில் வழிந்து பனியனுக்குள் இறங்கியது. பொன்செல்வி துண்டை எடுத்துத் துடைத்தாள். அவருக்கு அதெல்லாம் தெரிந்ததாகவே இல்லை. வயிற்றின்மேல் சாய்த்துவைத்த செல்போனில் கச்சான் குழுவின் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அதையேதான் பார்க்கிறார். முடிந்ததும் விரலால் தடவி மறுபடி முதலிலிருந்து.

"இந்த எடத்தைப் பாருளா," என்றார்.

"பாத்தாச்சு. வாயைத் தொறங்க."

"பாருன்னு சொல்லுதேன்."

பார்த்தாள். வேறு என்ன செய்ய? கல்யாணமான நாளிலிருந்து அவர் கேள் என்றால் கேட்டு, பார் என்றால் பார்த்துத்தான் அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

கச்சான் என்பது அவரும் பொன்செல்வியின் அண்ணன் ஜீவமணியும் கல்லூரி முடித்த கையோடு தொடங்கிய ராக் குழு. மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு வருகிற காற்றின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஜீவமணி டிரம்ஸ், அற்புதமணி கிட்டார். பகலெல்லாம் துறைமுகத்தில் ஒரே கிளியரிங் ஆபீஸில் ஆளுக்கொரு மேஜை. விடுமுறை நாளில் மேடை. சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டோம் என்று ஒரு வீம்பு. ட்ராக் போட மாட்டோம் என்பது அதைவிடப் பெரிய வீம்பு. முன்னமே பதிந்துவைத்த இசையை ஓடவிட்டு மேடையில் சும்மா கையாட்டுகிற குழுக்களைப் பற்றி ஜீவமணி பேச ஆரம்பித்தால் பெண்பிள்ளைகள் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். அப்படி ஒரு வாய்.

அற்புதமணிக்கு வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கு ஏறியது. ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று ஆனபிறகு அவர் இடத்துக்கு ஜாய்சன் என்ற இளைஞன் வந்தான். அவனை வைத்துக் குழு நடத்திய முதல் கச்சேரிதான் இந்த வீடியோ. போன மாதம், கடற்கரைச் சாலை மைதானத்தில். கல்யாண வீடியோ எடுக்கும் காயல்பட்டினத்து மக்தூம் நாலு பக்கமும் கேமரா வைத்து எடுத்து, நடுவில் பேசிய பேச்சையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பாட்டை மட்டும் கோத்து யூடியூபில் போட்டிருந்தார்.

"பின்னால பிளக்ஸைப் பாரு. மேல, ஓரத்துல," என்றார் அற்புதமணி.

மேடைக்குப் பின்னால் கட்டிய பிளக்ஸில் குழுவினர் எல்லோரும் கைகட்டி நின்றார்கள். வலது மூலையில், அவர்கள் தலைக்கு மேலே, முட்டை வடிவக் கட்டத்துக்குள் அற்புதமணியின் முகம் மட்டும் இருந்தது. சுற்றிலும் மஞ்சளாக ஒளி. டிசைன் செய்த பையன் மரியாதைக்கு வைத்திருப்பான். தலைவர்களை அப்படித்தானே வைக்கிறார்கள். பொன்செல்வியும் முதல்முறை பார்த்தபோது செத்தவர் படம்போல இருக்கிறதே என்று நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இப்ப எல்லாரும் எந்திரிச்சி நிக்காவ பாரு. போன்ல லைட் அடிக்காவ. யாரும் பேசல. எதுக்கு நிக்காவ?"

"உங்களுக்குச் சொகம் கெடைக்கணும்னு செபம் பண்ணச் சொன்னாவளாம். அண்ணன் சொன்னான்."

"வீடியோவுல அப்படி யாரும் சொல்லலியே."

சொன்னதைத்தான் மக்தூம் வெட்டிவிட்டாரே. அதை அவள் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிட்டார் தொடங்கிவிட்டது. 'நிலக்கரிக் காற்று' என்று அவர்களே கட்டிய பாட்டு. அற்புதமணி உள்ளங்கையைக் காட்டி அவளை அடக்கினார். சாகக் கிடக்கையிலும் கிட்டார் வாசிக்கும்போது யாரும் பேசக்கூடாது அவருக்கு.

"கேக்கா? அந்தக் கீச்சு."

கேட்டது. கம்பியில் விரல் வழுக்கிப் போகிற சின்னக் கீச்சு. துறைமுகத்தில் கன்டெய்னர் கதவில் மாட்டி அவருடைய இடக்கைச் சுண்டுவிரல் நசுங்கிப்போன பிறகு, சுண்டுவிரல் தொட வேண்டியதையும் மோதிரவிரலையே நீட்டி இழுத்து வாசிப்பார். அப்போது அந்தச் சத்தம் வரும். வேறு எவனுக்கும் வராது. அவள் சமையலறையிலிருந்து ஆயிரம் தடவை கேட்டது.

திரையில் ஜாய்சன் இடக்கையைக் கிட்டாரிலிருந்து எடுத்து நெற்றி வியர்வையை வழித்தான். கிட்டார் நிற்கவில்லை. அவன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தான், அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. பொன்செல்வி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் திரையருகே குனிந்தாள்.

"அவன் வாசிக்கல," என்றார் அற்புதமணி. குரலில் கோபமில்லை. "நான்தான் வாசிக்கேன். ஆனா நான் அங்கன இல்ல."

"ட்ராக் போட்டிருப்பாவ."

"உங்க அண்ணனா? கையை வெட்டிக்கிடுவான், ட்ராக் போட மாட்டான்." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். பிறகு பக்கத்து வீட்டில் எப்போது தண்ணீர் வந்தது என்று கேட்பதுபோல, "நான் எப்ப செத்தேன், செல்வி?" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக் கிள்ளினாள். வலிக்கிறதா என்றாள். வலிக்கிறது என்றார், செத்தவனுக்கு வலிக்காது என்று யார் வந்து சொன்னது என்றும் கேட்டார். சூடாகக் காப்பி போட்டு வந்து கொடுத்தாள். ருசி தெரியவில்லை என்றார். அது மாத்திரையால் என்று அவளுக்குத் தெரியும், டாக்டரே சொல்லியிருக்கிறார், என்றாலும் அவர் சொன்ன விதத்தில் அவளுக்கே ஒரு நொடி பிடி தளர்ந்தது. வருகிறவர்கள் யாரும் என்னிடம் பேசுவதில்லை, உன்னிடம்தான் பேசுகிறார்கள், என் காலைப் பார்த்துக்கொண்டு செபம் பண்ணிவிட்டுப் போகிறார்கள் என்றார். உள்ரூமில் படுத்திருந்தவனை முன்ரூமுக்கு எதற்குக் கொண்டுவந்து போட்டீர்கள் என்றார். ஆஸ்பத்திரிக் கட்டில் உள்வாசலில் நுழையவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னபோது அவளுக்கே அது புளுகுபோலக் கேட்டது.

பின்கட்டுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். இன்னதென்று பிட்டுப்பிட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்றைக்குக் கிட்டார் வாசித்தது யார் என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் ஆபீஸ் பிரிண்டர் இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஜாய்சன்தான். வேற யாரு?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நான் வாரேன். வந்து மச்சான்ட்ட பேசுதேன்," என்றார்.

அவள் திரும்பி வந்து அதையே சொன்னாள். ஜாய்சன்தான் வாசித்தானாம், அண்ணன் சொல்லிவிட்டான், இப்போது நேரிலும் வருகிறான் என்று. அற்புதமணி அவளையே பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பயந்த பார்வையென்றால்கூடப் பரவாயில்லை. அவர் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்.

"சரிளா. உனக்குச் சொல்ல மனசு வரல. நான் கோவிக்கல," என்றார்.

அதற்குப் பிறகு அவர் போனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். கண்கள் ஒரு நிலையில் நிற்காமல் அலைந்தன. கையைத் தூக்கித் தன் முகத்தைத் தடவினார், மூக்கைத் தொட்டார், எதையோ தேடுகிற மாதிரி. கடவுளே, இந்த மனுஷன் இந்தப் பயத்தோடேயா போக வேண்டும் என்று நினைத்தாள். எத்தனை தடவைதான் இல்லை இல்லை என்று சொல்வாள்? சொல்லச்சொல்ல அவர் இன்னும் அந்தரத்தில் நின்றார்.

மத்தியானம் தாண்டியிருக்கும். "அடக்கம் நல்லா நடந்துச்சா?" என்று கேட்டார்.

பொன்செல்வி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்துச்சு," என்றாள்.

"கூட்டம்?"

"தெரு கொள்ளல."

"ஜெப்ஸி வந்தாளா?"

ஜெப்ஸி அவர்களுடைய ஒரே மகள். துபாயில் நிறைமாதமாக இருக்கிறாள். "அவ எப்படி வருவா? மக்தூம் லைவ் போட்டாரு. போன்லயே பாத்தா."

"நீ அழுதியா?"

"அழுதேங்க."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப சரி," என்றார். முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் விட்டுப்போனது. கண்ணை மூடிக்கொண்டார். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூச்சு நீளநீளமாக வந்தது. பிறகு ஒன்று போய், அடுத்தது வரவில்லை. ஜீவமணி மூச்சிரைக்க வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவள் அற்புதமணியின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் சொன்னதெல்லாம் நடந்தது. தெரு கொள்ளாத கூட்டம். துறைமுகத்து ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள், அவள் முன்பின் பார்த்தேயிராத தாடிக்காரர்கள். ஜெப்ஸிக்காக மக்தூம் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் கேமராவையும் ஒரு மைக்கையும் நட்டார். வெயிலில் நிற்கிறவர்களுக்கும் பாட்டும் செபமும் கேட்க வேண்டுமென்று தெருவில் ஸ்பீக்கர் கட்டினார்கள். அவள் முந்தின நாள் சொன்ன பொய் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. வாசலில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வந்து இறங்கியது. அதே முட்டைக் கட்டம், அதே மஞ்சள் ஒளி. அதே படத்தைத்தான் பெரிதாக்கி, கீழே தேதி மட்டும் சேர்த்திருந்தார்கள்.

அழ வேண்டிய நேரத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதேன் என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. துண்டு நனைக்கப் பின்கட்டுக்குப் போனவளின் பின்னாலேயே ஜீவமணி வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும்ளா," என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தி நடந்த ஒத்திகைகளில் அற்புதமணி வாசித்ததையெல்லாம் அவர் ரகசியமாகப் பதிந்துவைத்திருந்தாராம். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றுதான். ஜாய்சன் கெட்டிக்காரன், ஆனால் அவன் வாசித்தபோது பாட்டு வேறு யாருடைய பாட்டோ போல ஆகிவிட்டது. கூட்டம் எழுந்து போய்விடும் என்று கடைசிநேரத்தில் பயம். ஜாய்சனின் கிட்டாரில் ஒயரைச் சொருகவே இல்லை. ஓடினது முழுக்க அற்புதமணியின் கை. குழுவில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

"மச்சான் கேட்டதும் கண்டுபிடிச்சிருவான்னு இருந்தேன். ஏலே திருட்டுப்பயலேன்னு போன் போட்டுத் திட்டுவான், கெடக்க கெடையில ஒரு சந்தோஷமா இருக்கும்னுதான் வீடியோவ அனுப்பினேன். நேத்து நீ கேக்கும்போது ஜாய்சன் ஆபீசுக்கு வந்து எதுத்தாப்ல நிக்கான். அவன் வாசிக்கலன்னு அவன் முன்னாலயே எப்படிச் சொல்ல? நேர்ல வந்து மச்சான் காதுல சொல்லிக்கிடலாம்னு வந்தேன். நிலக்கரி லாரி வரிசைல மாட்டிக்கிட்டேன்."

பொன்செல்விக்கு அண்ணனைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. கையில் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை. நேற்றுக் காலையில் போனில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மச்சான் கடைசியில் என்ன சொன்னான், வீடியோவைப் பற்றி ஏதும் சொன்னானா என்று ஜீவமணி கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். உயிரோடிருந்த மனுஷனிடம் நீ செத்துப்போனாய் என்று தான் சொன்னதை அவள் யாரிடம் சொல்வாள்?

சாயங்காலம் சர்ச் ஐயர் வந்து, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, செபம் முடித்தார். உடம்பைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். உடுத்திவிட்ட கோட்டு தோளில் தொளதொளவென்று கிடந்தது. சவப்பெட்டிக் கடைக்காரர்கள் இருவர் மூடியைத் தூக்கிக்கொண்டு அருகில் வந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐயர் சொன்னார். குழுவினர் வந்து பார்த்தார்கள். ஜாய்சன் நிமிராமலேயே பார்த்துவிட்டு விலகினான். எல்லோரும் வழிவிட, பொன்செல்வி போய்க் குனிந்தாள்.

தாடைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். முகம் அப்ப சரி என்று சொன்னபோது இருந்த மாதிரியே இருந்தது. நம்பிவிட்டார். அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டார்.

அவள் அவர் காதருகில் வாயை வைத்தாள்.

"ஏங்க, அன்னைக்கு நீங்க சாகல."

தெருவிலிருந்து அவள் குரலே பெரிதாகத் திரும்பி வந்தது. தலைமாட்டு மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாதி அடியில் விட்டார்கள். மக்தூம் ஒயர்களைத் தாண்டி ஓடிவந்தவர், பெட்டிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார். எல்லோருக்கும் கேட்கிறது என்று பொன்செல்விக்குத் தெரிந்தது. அவள் நிமிரவில்லை.

"அது உங்க கைதான். ஒத்திகைல அண்ணன் பதிஞ்சி வச்சது. கச்சேரி நடக்கும்போது நீங்க இங்கன கட்டில்லதான் கெடந்தீங்க. நான் உங்க காலை அமுக்கிக்கிட்டு இருந்தேன். காலு சூடா இருந்துச்சி. நேத்துக்கூட நீங்க உசிரோடதான் இருந்தீங்க. நான் சொன்னது பொய்ங்க."

ஜீவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அடங்கிய குரலில், "அம்மா," என்றார் ஐயர். அவள் பெட்டிக்குள் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள்.

"மூடிரலாமா, அக்கா?" என்று சவப்பெட்டிக் கடைக்காரர்களில் ஒருவர் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள்.

மூடியை ஆளுக்கொரு முனையில் பிடித்தபடி அவர்கள் இருவரும் நின்றார்கள்.