நிழற்குடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

1

இந்தக் கதை என்னிடம் ஒரு வக்கீல் நோட்டீஸாகத்தான் வந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் நான். சில நாள் கழித்து அதற்கான பதிலைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். இரண்டையும் சொன்னது ஒரே வாய். என் சித்தியின் வாய்.

இதைக் கதையாக எழுதலாம் என்று தோன்றியதும் அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நான் அப்படித்தான். இயற்பியல் படித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை சித்தியின் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். பேசுவதைவிட இது வசதி. தப்பானால் அழித்துவிடலாம்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதினேன்.

"நீதி என்பது ஒரு —" வேண்டாம். நீதியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"காலை வெயிலில் பள்ளியின் வாசல் தகதகவென்று —" பொய். வாசல் வெளியே தெரியவே தெரியாது. அதுதானே வழக்கு.

"பள்ளிக்கூடத்தின் வாசலை அடைத்து நகராட்சி ஒரு பேருந்து நிழற்குடை கட்டிவிட்டது."

இது இருக்கட்டும்.

2

நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். நானும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

விடுமுறையில் கட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் 'விளக்குக் கம்பத்தை ஒட்டி' என்று இருந்தது. வரைபடம் போட்ட பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். கம்பத்தைப் பிடுங்கிப் பள்ளி வாசலருகே நட்டார்கள். ஒப்பந்தக்காரர் கம்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதை ஒட்டியே கட்டினார். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அதற்குப் பின்னால் பள்ளிக்கூடம் இருப்பது அவருடைய காகிதத்தில் இல்லை.

[அளவுகோல் சரி, அளந்தவரும் சரி. தொடக்கப் புள்ளிதான் எழுந்து நடந்து போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கூரை போட்டதில்லை.]

பள்ளி திறந்த அன்று காவலாளி கதவை உள்பக்கமாகத் திறந்தார். எதிரே தூணுக்குத் தூண் நீளமாக ஒரு இரும்பு பெஞ்ச். அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் பேருந்துக்குக் காத்திருந்தார்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பெஞ்சில் ஏறி உள்ளே குதித்தார்கள். குதித்தவர்கள் மறுபடி வெளியே வந்து குதித்தார்கள். கணக்கு ஆசிரியருக்கு முட்டி வலி. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே சுழன்று, உள்பக்கமாக எழுந்து போனார். "எந்த பஸ்ஸுக்கு சார்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, "எட்டாம் வகுப்புக்கு" என்றாராம்.

பின்வாசல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதன் எதிரே நகராட்சி வாய்க்கால் தோண்டியிருக்கிறது.

3

ஒரே ஒருத்தியால் ஏற முடியாது. ஒன்பதாம் வகுப்பு மாணவி. சக்கர நாற்காலியில் வருகிறவள்.

இந்த இடத்தில் கதை கனக்க வேண்டும் என்று நினைத்து, "அவள் கண்களில் ஓர் ஏக்கம் —" என்று தொடங்கியிருந்தேன். அன்று அவளே தலைமையாசிரியையோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நோட்டீஸ் போயும் வழி திறக்கவில்லை என்று அவர் உள்ளே சித்தியிடம் முறையிட்டுக்கொண்டிருக்க, இவள் நாற்காலியை என் மேசையருகே கொண்டுவந்து நிறுத்தித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா இது, ஏக்கமா பாக்கறது?"

"அது… சும்மா ஒரு கதை."

"நானா?"

என் காது சூடானது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எனக்கு ஏக்கமெல்லாம் கிடையாதுக்கா. எரிச்சல். அப்படிப் போடுங்க."

போட்டேன்.

"தினமும் நாலு பேர் வந்து என்னை நாற்காலியோட தூக்கி உள்ள வைக்கறாங்க. தூக்கட்டுமான்னு ஒருத்தராவது கேக்கணுமே! மூட்டையக்கூட எங்க பிடிக்கறதுன்னு பாத்துட்டுத்தான் தூக்குவாங்க. அதுல 'மகாராணி வர்றாங்க, வழி விடுங்க'ன்னு கத்தல் வேற."

"அப்ப உன்னை… என்னன்னு எழுதட்டும்?"

"டிரைவர்னு எழுதுங்க. இத ஓட்டறது நான்தானே."

பிறகு, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இந்தப் பரீட்சை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வழி வரலன்னா வீட்லயே இருந்து படிச்சுக்கறேன். அம்மாகிட்ட சொல்லியாச்சு. அழுதாங்க. அத எழுதாதீங்க."

(எழுதிவிட்டேன், டிரைவர். கதைக்கு வேண்டியிருந்தது.)

4

இந்தப் பகுதியில் நகராட்சிப் பொறியாளரை வர்ணித்திருந்தேன். சித்தி படித்துவிட்டு, "இது அவதூறு வழக்குல போய் நிக்கும். மீசைய மட்டும் வேணா வச்சுக்க" என்றாள். மீசை மட்டும் தனியாக நன்றாக இல்லை. எடுத்துவிட்டேன்.

5

சித்திதான் பள்ளிக்குச் சட்ட ஆலோசகர். நகராட்சிக்கும் அவள்தான். இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வழக்கு வரும். நகராட்சிக்குக் குழி, குப்பை, நாய். இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டதே இல்லை.

சித்தி வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். பள்ளிக் கட்டுக்குப் பச்சை நாடா. நகராட்சிக் கட்டுக்குச் சிவப்பு. பச்சையை அவிழ்த்தால் பள்ளிக்காகக் கோபம் வரும். சிவப்பை அவிழ்த்தால் நகராட்சிக்காக. கோபம் வந்ததும் அறைக்குள் நடந்துகொண்டே சொல்லுவாள். எதிராளியின் பெயரைச் சொல்லவே மாட்டாள். 'எதிர்த்தரப்பு' என்பாள். பெயரை நான் நிரப்புவேன்.

அன்று பச்சை.

"'சக்கர நாற்காலியில் வரும் மாணவி பள்ளிக்குள் நுழைவது சலுகை அல்ல, உரிமை. அந்த உரிமையின் குறுக்கே எதிர்த்தரப்பு ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருக்கிறது.' அடிச்சியா?"

"சித்தி, எதிர்த்தரப்பு வந்து…"

"குறுக்க பேசாத, கோர்வை போயிடும்."

என் குரல் அவ்வளவுதான். மின்விசிறிக்கே தோற்கும்.

நோட்டீஸ் நகராட்சிக்குப் போனது. அங்கே அதன்மேல் 'சட்ட ஆலோசகரின் பதிலுக்கு' என்று முத்திரை குத்தி, சிவப்பு நாடாவால் கட்டி, பியூன் அண்ணனிடம் கொடுத்தார்கள்.

"அவசரமாம் பாப்பா. கமிஷனர் கொதிச்சுக் கெடக்காரு."

சித்தி சிவப்பை அவிழ்த்தாள். படித்தாள். முகம் சிவந்தது.

"திமிரப் பாரேன்! பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருக்காமே! எந்த அரைவேக்காடு எழுதினது இது?" பின்பு, கொஞ்சம் பொறாமையாக: "ஆனா நல்லாத்தான் எழுதியிருக்கு."

"சித்தி…"

"அடி! 'தங்கள் நோட்டீஸ் முழுக்க முழுக்கக் கற்பனை —'"

அடித்தேன். கையெழுத்துக்கு வைத்தபோது நோட்டீஸின் கடைசிப் பக்கத்தைப் பதிலின் கடைசிப் பக்கத்தோடு ஒட்டி வைத்தேன். பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒரே கையெழுத்து இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றது.

சித்தி உட்கார்ந்தாள். நோட்டீஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி கீழே விழும்வரை சிரித்தாள்.

"அரைவேக்காடு நான்தானா!"

[வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின்மேல் செயல்படாது என்று இயக்கத்தின் மூன்றாம் விதிக்கு விளக்கம் சொல்வார்கள். சித்தியின்மேல் செயல்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.]

6

இங்கே ஒரு நீதிமன்றக் காட்சி வைக்க ஆசை. முடியாது. இரண்டு பேரின் ரகசியமும் தெரிந்த வக்கீல், ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவருக்காக வாதாட முடியாது. அதனால் சித்தி தலைமையாசிரியையையும் நகராட்சிக் கமிஷனரையும் ஒரே அறைக்கு வரவழைத்தாள். தலைமையாசிரியை டிரைவரையும் கூட்டிவந்தார்.

"இந்த விவகாரத்துல உங்க ரெண்டு பேருக்குமே நான் இல்ல. வேற வக்கீலப் பாத்துக்குங்க" என்றாள் சித்தி.

கமிஷனர் வெலவெலத்துப் போனார். "மேடம், எங்க தரப்பு நியாயம் என்னன்னு உங்களுக்குத்தானே தெரியும்!"

"எங்களுதும்தான்!" என்றார் தலைமையாசிரியை.

"புதுசா ஒருத்தர்கிட்ட முதல்லேருந்து சொல்லணுமா?" என்றார் கமிஷனர்.

"கம்பம் நடந்து வந்த கதையையும் சேத்துச் சொல்லுங்க சார். நானும் வந்து கேக்கறேன்" என்றாள் சித்தி.

கமிஷனர் கூரையைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "பெஞ்ச எடுத்துட்டா வழக்கு இருக்காதில்ல?" என்றார்.

"இருக்காது. கூரை இருக்கட்டும். மழைக்கு ஆகும்" என்றார் தலைமையாசிரியை.

எல்லோரும் சிரித்தோம். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"ஆனா எடுக்கறதுக்கு நகர்மன்றத்துல தீர்மானம் போடணும்" என்றார் கமிஷனர். "மன்றம் கூடறது… பரீட்சைக்கு அப்புறம்தான்."

யாரும் டிரைவரைப் பார்க்கவில்லை. அவள்தான் எல்லோரையும் பார்த்தாள்.

"சார், அந்த பெஞ்ச எதுல மாட்டியிருக்கு?"

"தூண்லம்மா. போல்ட்டு நட்டுதான்."

"என்ன சைஸ்?"

சித்தி சட்டென்று எழுந்தாள். "எனக்கு இப்ப வெளிய காத்தாட நிக்கணும்."

"எனக்கும்" என்றார் கமிஷனர்.

"இந்த ரூம்ல ஒரே புழுக்கம்" என்று தலைமையாசிரியையும் போனார்.

மின்விசிறி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் டிரைவரும் நானும் மட்டும்.

7

முடிவுகள்.

அ. மன்றம் கூடுகிறது. தீர்மானம் நிறைவேறுகிறது. திறந்த வாசலைத் திறந்துவைக்க விழா எடுக்கிறார்கள். டிரைவர் அன்று வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறாள். நடக்கக்கூடியது. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆ. நீதிபதி நேரில் பார்வையிட வருகிறார். பெஞ்சில் ஏறுகிறார். ஒரு செருப்பு பள்ளிக்குள் விழுகிறது. இன்னொன்று பேருந்தில் ஏறிப் போய்விடுகிறது. அந்த இடத்திலேயே தீர்ப்பு. பிடித்திருக்கிறது. நீதிமன்ற அவமதிப்பு என்று சித்தி சொல்கிறாள்.

இ. ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் ஆள் இல்லை. பேருந்தும் இல்லை. டிரைவர் தன் நாற்காலியின் சக்கரங்களுக்காக எப்போதும் ஒரு ஸ்பேனர் வைத்திருப்பாள். நின்று பார்த்தால் அந்த போல்ட்டுகள் கண்ணிலேயே படாது. பெஞ்சுக்கு அடியில் இருக்கின்றன. உட்கார்ந்திருப்பவளுக்கு நேர் எதிரே, கைக்கு எட்டும் உயரத்தில்.

"அக்கா, கொஞ்சம் மறைச்சு நில்லுங்க."

குடையை விரித்தேன். மழை இல்லை.

இதுவரை படித்த சித்தி பேனாவால் மேசையைத் தட்டினாள். "பொதுச் சொத்து. 'கழட்டினாள்'னு எழுதினா அது வாக்குமூலம். எழுதாத."

"தானா கழண்டுச்சுன்னு எழுதட்டுமா?"

"பிசிக்ஸ் படிச்சவ பேசற பேச்சா இது?"

ஆகவே எழுதலாம் என்று அனுமதிக்கப்பட்டதை மட்டும் எழுதுகிறேன். ஸ்பேனர் பொருந்தியது. டிரைவர் அழுத்தினாள். போல்ட் அசையவில்லை. புது பெஞ்ச்தான், ஆனால் அதற்குள் அதிகாரி மாதிரி இறுகிப்போயிருந்தது.

"அக்கா, பாத்துட்டே நிக்கறீங்க? நுனியப் பிடிங்க."

நுனியில் பிடித்தால் குறைந்த விசை போதும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடப் படிப்பில் அதை என் கையால் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். குடையைக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்பேனரை —

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. சட்டப்படி இதுவரை எந்தக் குற்றமும் நடக்கவில்லை. ஒரு ஸ்பேனர், ஒரு போல்ட், மழையில்லாத நாளில் ஒரு குடை. சாட்சியம் அவ்வளவுதான். அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் என் பக்கத்தில் எங்கும் இல்லை, தேடிப் பார்க்கலாம். அது இப்போது உங்கள் மனதில்தான் இருக்கிறது.

அப்படியானால் கழற்றியது நீங்கள்தான்.

நாளை காலை மணியடிப்பதற்குள் டிரைவர் அந்த வழியாக வருவாள். ஒதுங்கி நில்லுங்கள். தூக்க வராதீர்கள்.