வலது கண்

ஈரமணலில் உள்ளான் பறவைக் கூட்டம் வந்து இறங்கியதும் அவள் வழக்கம்போல வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு பைனாகுலரைத் தூக்கினாள். போன குளிர்காலம் வரை அது அண்ணனுடையது. அண்ணனுக்கு வலது பக்கம் பார்வை மட்டு. பைனாகுலரின் வலது குழலில் இருக்கும் வளையத்தைத் தன் கண்ணுக்குத் தோதாகத் திருகி வைத்திருந்தான். அவன் செத்துப்போன பிறகு அவள் அதைத் தொடவேயில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் வெறும் கலங்கல். இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு கண் போதும் என்று விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க ஆட்களை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, முன்னாடி போட்டதா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்பவள். அண்ணன் மட்டும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடித்தான். "ஊருக்கெல்லாம் கண்ணு குடு தாயே, எனக்குப் பறவை தெரிஞ்சா போதும்" என்பான். இரண்டு பேருக்கும் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. குளிர்காலம் வந்தால் காலையில் கடற்கரை. தண்ணீர் ஏறிப் பறவைகள் கிளம்பியதும் அவற்றின் பின்னாலேயே உள்ளே இருக்கும் ஏரி. இருப்பது ஒரே பைனாகுலர். அவள் வளையத்தைத் திருகுவாள், அவன் திட்டிக்கொண்டே திருப்புவான். இந்த வருஷம் திட்ட ஆளில்லை. பழக்கதோஷத்தில் ஃபிளாஸ்கில் இரண்டு பேருக்கு டீ கொண்டுவந்து பாதியை மணலில் கொட்டுகிறாள்.

நெட்டைக்கொக்கு வந்தார். அண்ணன் வைத்த பெயர். வருஷாவருஷம் பறவைகளோடு வந்து சேருகிற மனிதர், நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல்.

"அந்தக் கூட்டத்துல ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கே. என் லென்ஸ்ல பனி படிஞ்சுபோச்சு. ஒரு நிமிஷம் குடுங்கம்மா."

தயங்கிக்கொண்டே நீட்டினாள். அவர் கண்ணில் வைத்தார், உச்சுக்கொட்டினார். விரல் தன்பாட்டுக்கு வலது வளையத்துக்குப் போனது.

"ஐயோ, அதைத் தொடாதீங்க!"

"தொட்டுட்டேனே. ஒரே கலங்கலா இருந்துச்சும்மா. இப்ப பாருங்க, பளிச்சுன்னு இருக்கும்."

நல்லது செய்த திருப்தியோடு நிற்கிற மனிதரை என்ன சொல்வது? "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

அவர் தள்ளிப்போனதும் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணன் திருகி வைத்த இடம் போய்விட்டது. கடையில் ஒவ்வொரு லென்ஸிலும் மையம் தெரியப் பேனாவால் புள்ளி வைக்கிறவளுக்கு, இந்த வளையத்தில் ஒரு கோடு போட்டுவைக்கத் தோன்றாமல் போய்விட்டதே. அந்தக் கலங்கலையாவது ஒருதரம் ஒழுங்காகப் பார்த்திருக்கிறாளா? கண்ணை அல்லவா மூடிக்கொண்டிருந்தாள்!

இப்போது இடது கண்ணை மூடிக்கொண்டு வளையத்தை மெல்லத் திருகினாள். பறவைகள் கரைந்து பழுப்புத் திட்டாயின. இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"இதுவா, முன்னாடி இருந்ததா?" வாய்விட்டே கேட்டாள். மறுபடி திருகினாள். "இதுவாண்ணா?"

தண்ணீர் ஏறி அவள் செருப்பைத் தொட்டது. கூட்டம் மொத்தமாக எழும்பி ஏரிப்பக்கம் திரும்பியது. அவள் கண்ணை எடுக்கவில்லை. கலங்கலுக்குள் வெளிறிய ஏதோ ஒன்று அசைந்து அசைந்து சிறுத்துக்கொண்டே போனது.